இரண்டு நீலத் தொப்பிகளும் ஒரு பொட்டலம் வடகமும்

எனக்கு ஒரே அக்கா. பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். காரைக்காலில் இது ஒன்றும் அதிசயமில்லை, எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அங்கே யாராவது இருப்பார்கள். அத்தான் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பம். அவரே அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இந்தியாவோடு நின்றுவிட்டோம். அதனால் அக்கா மகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தான், என் மகன் இந்தியப் பட்டாளத்தில் சேர்ந்தான். மாதா கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த குடும்பம் இரண்டு கொடிக்குச் சலாம் போட ஆரம்பித்தது இப்படித்தான்.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவள் ஊருக்கு வர முடியாது. நான் போகலாமென்றால் விசா கிடைக்கவில்லை. தன் ஊர் மேரியில் அலைந்து எனக்கு அழைப்புச் சான்று வாங்கி அனுப்பினாள். நகராட்சி அலுவலகத்துக்கு எங்கள் பெரியவர்கள் இன்னும் மேரி என்றுதான் சொல்வார்கள். அதை வைத்து இரண்டு தடவை விண்ணப்பித்தேன், இரண்டு தடவையும் விசா அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். போனால் நான் திரும்பி வருவேன் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வரவில்லையாம். மின்துறையில் ஓய்வு பெற்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறவன் பாரிசில் எங்கே போய் ஒளியப் போகிறேன்? வயிற்றெரிச்சலாக இருந்தது.

வீடியோவில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். நோய் வந்த நாளிலிருந்து அக்கா வீடியோவில் வருவதே இல்லை. “இந்த மூஞ்சிய நீ பாக்க வேணாம்டா” என்று சொல்லிவிட்டாள். போட்டோவும் அனுப்ப மாட்டாள். எனக்குக் குரல் மட்டும்தான். அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்குள் கிடந்து அடித்துக்கொள்ளும்.

இந்த நிலையில்தான் மகனின் பட்டாலியனை லெபனானுக்கு அமைதிப்படையாக அனுப்பப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அமைதிப்படை என்றாலே எங்கள் கரையில் பலருக்கு முகம் சுருங்கும். இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. நானும் கத்தினேன். “அது வேறப்பா, இது வேற” என்றான் மகன். அன்றைக்குப் பட்ட பாட்டுக்குப் பிறகு நம் நாடு ரொம்ப யோசித்துத்தான் காலை எடுத்து வைக்கிறதாம். உலக நாடுகள் ஐ.நா.வில் கூடிக் கேட்க வேண்டும், போகிற நாடும் சம்மதிக்க வேண்டும், வேறு நாட்டுக் கொடியின் கீழ் போவதில்லை, போன இடத்தில் யார் பக்கமும் சேர்வதில்லை. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னான்.

இதை அத்தானிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். “நாங்க பத்திரிகை வெச்சு அழைச்ச வீட்டுக்குத்தான் போவோம் அத்தான். உங்க நாடு மாதிரி கூப்பிடாத வீட்டுக்கெல்லாம் போறதில்ல.”

அவர் விடுவாரா? “தீப்பிடிச்ச வீட்டுக்காரன் பத்திரிகை அடிச்சு எடுத்துட்டு வர்ற வரைக்கும் உக்காந்திருப்பீங்களா மச்சான்?”

அதோடு இன்னொரு செய்தியும் சொன்னார். அக்கா மகனும் லெபனானில்தான் இருக்கிறான். என் மகன் போடப்போகிற அதே ஐ.நா. நீலத் தொப்பி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே தொப்பி என்றால் ஒரே கேம்ப்தான் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். அக்காவுக்கு நம் வீட்டுத் தாளிப்பு வடகம் என்றால் உயிர். அங்கே கடையில் அதை ‘வதுவான்’ என்று புட்டியில் அடைத்து விற்கிறார்களாம். “அதுல வாசனையே இல்லடா, மரத்தூளு” என்பாள். ஒரு முறை கூரியரில் அனுப்பினேன், சுங்கத்தில் மாட்டி எங்கேயோ போயே போய்விட்டது. இப்போது வழி கிடைத்துவிட்டதே! என் மகன் லெபனானில் மருமகனிடம் கொடுப்பான், மருமகன் விடுமுறைக்குப் போகும்போது தன் அம்மாவிடம் கொடுப்பான். திருமலைராயன்பட்டினத்துக்காரியான என் மனைவி சின்ன வெங்காயம் நறுக்கி, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருட்டிக் காயவைத்தாள். பொட்டலத்தை முகர்ந்த மகன், “பட்டாலியனே திரும்பிப் பாக்கும்ப்பா” என்று முனகிக்கொண்டே பெட்டியில் வைத்தான்.

அவன் போய்ச் சேர்ந்த மறுநாளே கேட்டேன். “குடுத்துட்டியா?”

“அப்பா, இது என்ன பக்கத்துத் தெருவா? அவங்க கேம்ப் வேற. நெனச்சா எல்லாம் போக முடியாது.”

மாதங்கள் ஓடின. பொட்டலம் அவன் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. ஒருவழியாக, இரண்டு நாட்டுக்காரர்களும் சேர்ந்து நடத்திய ஒரு பயிற்சியில் பிள்ளைகள் சந்தித்துக்கொண்டார்கள், பொட்டலமும் கை மாறியது. தோளில் கை போட்டு எடுத்த படத்தை மகன் எனக்கும் அக்காவுக்கும் அனுப்பினான். பின்னால் மொட்டை மலை, தலையில் அந்தத் தொப்பிகள். பார்க்கப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு மலையில் இரண்டு அரசாங்கங்கள் எங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்து நிறுத்த முடிகிறது. என்னை என் அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த எந்த நாட்டுக் கொள்கையிலும் இடமில்லை.

அடுத்த வாரம் மகன் சிரித்துக்கொண்டே கூப்பிட்டான். மருமகன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறான். வாசனை பிடித்ததும் அவனுக்குத் தன் அம்மாவின் அடுப்படி நினைவு வந்துவிட்டதாம். அவ்வளவுதான், கேம்ப் சமையலறையில் உருளைக்கிழங்கோடு போட்டுத் தாளித்து, கூட இருந்த வெள்ளைக்காரப் பையன்களோடு மொத்தத்தையும் தீர்த்துவிட்டான்.

எனக்கு வந்ததே கோபம்! உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

“உனக்குன்னு அனுப்புனது அக்கா. ஒரு உருண்டைகூட மிச்சம் வெக்கலியாம் உன் புள்ள!”

அவள் சிரித்தாள். “வந்திருந்தாலும் நான் மோந்துதான்டா பாத்திருப்பேன். எனக்கு உப்பே ஆகாதுன்னுட்டாங்க. அவன் எனக்குப் போன் பண்ணி, அம்மா, இத என்ன செய்யணும்னு தமிழ்ல கேட்டான்டா. பிரெஞ்சத் தவிர வாயத் தொறக்காத பய. எண்ண காயட்டும்னேன், இப்பப் போடுன்னேன். பொரியிற சத்தம் நல்லா கேட்டுச்சு. எனக்கு அது போதும்.”

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“போட்டோ பாத்தேன்” என்றாள் அக்கா. “நான் ஊர விட்டுக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டுல கண்ணத் தொடச்சிக்கிட்டு நின்னியே, உன் புள்ள அப்படியே நீதான்டா. உன்னப் பாத்துட்டேன் தம்பி.”

அந்தப் படத்தை நானும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருந்தேன். மருமகன் அத்தானை அப்படியே உரித்து வைத்திருக்கிறான். மூக்கு அவருடையது, நெற்றி அவருடையது, அந்தத் திமிர்ச் சிரிப்பும் அவருடையதுதான். அக்காவின் சாயல் எங்கேயாவது ஒளிந்திருக்காதா என்று கண் வலிக்கத் தேடினேன். கண்ணில் படவே இல்லை.

“நீ பாத்துட்ட. நான் இன்னும் பாக்கலியேக்கா” என்றேன்.

அவள் மூச்சு மட்டும் கேட்டது. நானும் போனை வைக்கவில்லை.