மச்சான் நடித்த கார்ப் பந்தயப் படம்

மாலைப் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுகிற அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். 'ரெண்டேமுக்கால்' வீடு எது என்று கேட்டால் போதும், கூடவே நடந்து வந்து கதவையும் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எந்தப் படமாக இருந்தாலும் ஐந்துக்கு இரண்டேமுக்கால் மதிப்பெண் போடுவது அவர் வழக்கம். இரண்டரை போட்டால் படம் எடுத்தவன் சண்டைக்கு வருவான், மூன்று போட்டால் படம் பார்த்தவன் சண்டைக்கு வருவான், இரண்டேமுக்கால் போட்டதற்காக யாரும் யார் சட்டையையும் பிடித்ததில்லை என்பது அவர் கட்சி.

மற்ற நாட்களில் அதே பத்திரிகையில் பிழை திருத்துவார். புதுப்படம் வருகிற நாளன்று மட்டும் காலைக் காட்சிக்குப் போவார். அதிலும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு நைசாக எழுந்து வந்துவிடுவார். கூட்டம் வெளியே வருவதற்குள் ஸ்கூட்டரை எடுத்தால்தான் அச்சுக்குப் போவதற்குள் எழுதி முடிக்கலாம். கடைசியில் நல்லவன் ஜெயிக்கப்போகிறான், அதைப் போய் மெனக்கெட்டுப் பார்ப்பானேன்? ஒரே ஒரு படத்தில் நல்லவன் செத்துத் தொலைத்துவிட்டான். 'மனதில் நிற்கும் முடிவு' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்ததால் அன்றும் தப்பித்தார்.

மாட்டிக்கொண்டது சினிமாவில் அல்ல, நாடகத்தில். அவர் மனைவியின் அண்ணன் கார்ப் பட்டறை வைத்திருந்தார். ஓடுகிற எஞ்சினோடு போட்டி போட்டுப் பேசிப் பேசி, ரகசியம் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும் குரல். நடிப்பென்றால் உயிரை விடுவார். வியாபாரிகள் சங்க ஆண்டு விழா நாடகத்தில் அவர்தான் ராஜா. மறுநாள் பத்திரிகையில் ராஜாவைப் பற்றி ஒரே வரி வந்தது: 'மன்னராக நடித்தவருக்குக் கிரீடம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.' அன்றோடு மச்சான் தங்கை வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டார்.

நாலு வருஷமாகிவிட்டது. தங்கையைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் நிறுத்தத்துக்கு வரச் சொல்லுவார். அண்ணனும் தங்கையும் வருகிற பஸ்ஸையெல்லாம் அனுப்பிவிட்டு நின்றுகொண்டே குடும்ப விஷயம் பேசுவார்கள். அந்த வழியில் ஓடுகிற கண்டக்டர்கள் அவர்களைப் பார்த்தால் விசில் ஊதுவதையே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மனைவி சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. போடமாட்டாள். அன்றைக்கு மட்டும் பாத்திரங்களைக் கொஞ்சம் ஓசையோடு வைப்பாள். அந்த ஓசை விமர்சகரை என்னவோ செய்யும். தன் ஒரு வரியால் ஒருத்திக்குப் பிறந்த வீடு பஸ் நிறுத்தமாகிப் போனதே என்று உள்ளூரக் குன்றிப்போவார்.

அப்படி இருக்கையில்தான் அந்தப் படம் வந்தது. அறுபது வருஷத்துக்கு முந்தைய கதை. கார்ப் பந்தயத்தில் ஜென்ம விரோதிகளாக ஓட்டிய இரண்டு பேர். பெரிய இடத்துப் பிள்ளையான ஒருவன், அடுத்தவன் காரை எடுத்து வந்தவன் மாதிரி தாறுமாறாக விரட்டுவான். பெயர் புயல். இன்னொருவன் ஒவ்வொரு வளைவையும் நடந்து பார்த்து, எங்கே பிரேக்கைத் தொட வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு ஓட்டுவான். பெயர் கடிகாரம். படத்துக்காக எங்கெங்கோ தேடிப் பிடித்த பழைய கார்கள் கிளம்ப மறுத்தபோது மச்சானை அழைத்துப் போனார்கள். அவர் எல்லாவற்றையும் ஓட வைத்தார். மகிழ்ந்துபோன இயக்குநர் அவருக்கு ஒரு வேஷமும் கொடுத்தார். கடைசிப் பந்தயத்தில், சக்கரம் மாற்றுவதற்காகக் கார் வந்து நிற்கிற இடத்தில் மெக்கானிக். ஒரு வசனமும் உண்டு. என்ன வசனம் என்று கேட்டவர்களிடமெல்லாம், படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மீசையைத் தடவிக்கொண்டார்.

படம் வருவதற்கு முந்தின நாள் மனைவி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே நிமிராமல் சொன்னாள்.

"இந்தத் தடவயாவது ஒழுங்கா எழுதுங்க. இல்லன்னா எங்கண்ணன் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டாரு. அப்புறம் கடைசி வரைக்கும் எனக்கு பஸ் ஸ்டாப்புதான்."

காலைக் காட்சிக்குப் பட்டறை ஆட்கள் ஒரு வரிசையையே பிடித்துவிட்டார்கள். விமர்சகரும் மனைவியும் அவர்களுக்கு முன்வரிசை. மச்சான் மட்டும் வரவில்லை. அவசர வேலையாம். எவ்வளவு அடக்கம் என்று ஆளாளுக்கு மெச்சிக்கொண்டார்கள். அடக்கத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது அன்றைக்கு ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

இன்று முடிவு வரை இருந்தே தீருவது என்ற சபதத்தோடு விமர்சகர் உட்கார்ந்திருந்தார். சபதத்துக்கு அவசியமே இல்லாமல் போனது. படம் நன்றாக இருந்தது. அவருக்கு அது பெரிய அதிர்ச்சி. பாதிப் படத்தில் புயலின் கார் தீப்பிடித்துவிட, கையெல்லாம் வெந்து அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன் இல்லாத பந்தயத்தில் கடிகாரம் ஜெயித்ததை ரேடியோ சொல்கிறது. நர்ஸ் ரேடியோவை அணைக்கப் போகிறாள். வேண்டாம், சத்தம் கூட்டு என்று இவன் கையைக் காட்டுகிறான். அந்த இடத்திலேயே விமர்சகர் கைக்குட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார். கடைசிப் பந்தயத்தில் மழை கொட்ட, கட்டுப்போட்ட கையோடு புயல் திரும்ப வந்தபோது கண்ணீர் தாரைதாரையாக வழிந்து மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி படிந்தது. மறுபடி கழற்றினார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மனைவியா மாமியாரா என்பதே தெரியாது. ஒருவழியாக அழுது முடித்துக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தால், பந்தயம் முடிந்து விரோதிகள் இருவரும் ஈரத் தரையில் உட்கார்ந்து ஒரே துண்டில் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் வந்து போய்விட்டாரா? மெதுவாக மனைவி பக்கம் சாய்ந்து, பார்த்தாயா என்று கேட்டார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பார்த்தேனே, நீங்கள் பார்த்தீர்கள்தானே என்றாள். நானும்தான் பார்த்தேன் என்றார். பின்வரிசையில் பட்டறை ஆட்கள் நடுவிலே விசிலடித்தது அவருக்குக் கேட்டிருந்தது. மச்சானுக்கு இல்லாமல் வேறு யாருக்கு அடித்திருக்கப் போகிறார்கள்?

மறுபடி ஒருமுறை பார்க்க நேரமில்லை, பத்திரிகை காத்திருந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து பேனாவை எடுத்தவருக்குக் கை தானாக ஓடியது. படத்தைப் பற்றி எழுதியதெல்லாம் மனதாரச் சத்தியம். ஜெயிப்பதற்கு ஒரு கார் போதும், ஆனால் வேகமாக ஓட்டுவதற்குப் பின்னால் துரத்தி வர ஒருவன் வேண்டும் என்பதைக் காட்டிய படம் என்று எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனைவியின் முகம் கண்முன் வந்து நின்றது. 'சில நொடிகளே தோன்றும் அந்த மெக்கானிக்கை மறக்க முடியாது. எண்ணெய் படிந்த விரல்களின் மெல்லிய நடுக்கம், வாயால் சொல்வதற்கு முன் கண்ணால் சொல்லிவிடும் வசனம், எங்கிருந்து பிடித்தார்கள் இப்பேர்ப்பட்ட கலைஞரை?' என்று ஒரு பத்தி போட்டார். கடைசியில் மதிப்பெண் நாலேகால். ஆசிரியர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார். பிறகு படித்துப் பார்த்துவிட்டு, தானும் நேற்றைய சிறப்புக் காட்சியில் பார்த்ததாகவும் அந்த மெக்கானிக் உண்மையிலேயே அசத்திவிட்டதாகவும் சொன்னார். விமர்சகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் மச்சான் நின்றார். கையில் மடித்த பத்திரிகை. மனைவி கதவைத் திறந்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள். அவர் உள்ளே வந்து, மின்விசிறிக்கு நேர்கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் கீழே வைத்தாரே தவிரக் குடிக்கவில்லை.

"மாப்பிள்ளை, அந்த சீன் படத்துல இல்ல."

விமர்சகருக்குப் புரியவில்லை. மச்சான் நிதானமாகச் சொன்னார். படம் நீளமாகிவிட்டது, உங்கள் காட்சியை எடுத்துவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இயக்குநர் ஒரு வாரத்துக்கு முன்பே ஃபோன் செய்துவிட்டாராம். ஆனால் அதற்குள் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று. எந்த முகத்தோடு தியேட்டருக்கு வருவது? பட்டறையிலேயே ஒளிந்துகொண்டார். படம் விட்டதும் பட்டறை ஆட்கள் ஓடி வந்து, அண்ணே அந்தப் பார்வை ஒன்று போதும் என்றார்கள். குரல் கொஞ்சம் கம்மினாலும் நன்றாகத்தான் இருந்தது என்றாள் மச்சானின் மனைவி. முடி வெட்டுகிறவர் அந்த வசனத்தைச் சொல்லியே காட்டினார், அது வேறு யாருடைய வசனமோ.

"நான் இல்லாத படத்துல நான் பிரமாதமா நடிச்சிருக்கேன்னு ஊரே சொல்லுது, மாப்பிள்ளை. நீங்க ஒருத்தர்தான் விரல் நடுங்கினது வரைக்கும் பாத்திருக்கீங்க."

சமையலறை வாசலில் நின்ற மனைவி, தான் அந்த நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததாக முணுமுணுத்தாள். விமர்சகரும் அழுததையும் கண்ணாடிக் கதையையும் சொன்னார். சொல்லச் சொல்ல அது அவருக்கே பொய் போலக் கேட்டது. மச்சான் தலையை ஆட்டினார்.

"மத்தவங்க ஆசைக்குச் சொன்னாங்க, போகட்டும். நீங்க என்னைப் பாத்ததே இல்லயே மாப்பிள்ளை. நாடகத்துல நான் செத்து விழற காட்சி கடைசியில வருது. மேடையிலேருந்து உங்க நாற்காலியத்தான் பாத்தேன். காலியா இருந்துச்சு. நீங்க கிண்டல் பண்ணதுக்கா நாலு வருஷம் வராம இருந்தேன்? பாக்காமலே எழுதினீங்களே, அதுக்கு."

விமர்சகருக்குக் காது மடலெல்லாம் சுட்டது. நாலு வருஷமாகத் தன் கிண்டல் வரியை நினைத்து நினைத்து வருந்திக்கொண்டிருந்தார், கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டிருந்தார். காயம் வேறு இடத்தில் இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. எழுந்து போய் ஒரு முக்காலியை இழுத்து மச்சானுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் காட்சியை இங்கே நடித்துக் காட்டச் சொன்னார்.

மச்சான் கொஞ்சம் பிகு செய்தார். பிறகு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, சாப்பாட்டு மேஜையைக் காராக வைத்துக்கொண்டு அதன் மேல் குனிந்தார். மூச்சை நன்றாக இழுத்தார்.

"டயர் தாங்காது! நிறுத்திடு!"

மேஜைமேல் டம்ளர்கள் அதிர்ந்தன. எதிர்வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். இயக்குநர் படத்தின் நீளத்தைப் பார்த்து வெட்டவில்லை என்பது விமர்சகருக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. மச்சான் ஆவலோடு திரும்பினார். சமையலறை வாசலில் மனைவி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'நல்லாயிருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் தீர்ந்தது. சொல்ல வாயைத் திறந்தார், வரவில்லை.

"கத்துறீங்க மச்சான். ஓட்டறவன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சவன் இப்படிக் கத்த மாட்டான். அவங்க வெட்டினது சரிதான்."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மச்சான் மேஜைமேல் ஊன்றிய கையை எடுக்காமல் யோசித்தார். மறுபடி குனிந்து, இந்தத் தடவை யாருக்காகவும் இல்லாமல், பட்டறைக்கு வருகிறவர்களிடம் சொல்கிற குரலில் சொல்லிப் பார்த்தார். டயர் தாங்காது. நிறுத்திடு.

"இது?"

"இது கொஞ்சம் தேவல."

"கொஞ்சம்தானா?"

"கொஞ்சம்தான்."

மச்சான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கீழே இருந்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"தங்கச்சி, மத்தியானம் எனக்கும் சேத்து வச்சிரு. உன் புருஷன் இன்னிக்குத்தான் என்னைப் பாத்திருக்காரு."