வெளியில் காட்டாத மரம்

செத்த மரத்தில் தொங்கும் மந்தாரின் ஆரஞ்சுப் பழங்கள் காற்றில் ஒன்றோடொன்று தட்டுப்படும் சத்தம்... உலர்ந்த சத்தம். இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்த முதல் மாரிக்காலத்தை நினைத்தால் எனக்கு அதுதான் கேட்கும்.

அப்போது நகரத்துக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் நாங்கள் சில தமிழர் கூலிக்குப் பழம் பறித்துக்கொண்டிருந்தோம். அந்த வருடம் ஒரு துண்டுக் காணியில் மரங்கள் நின்றபடியே செத்திருந்தன. எல்லாம் ஒரே மரத்தில் மொட்டெடுத்து, ஒரேவகை வேரில் ஒட்டியவை. ஒரே வைரஸ், ஒரே சாவு.

நடுவில் ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. விதையிலிருந்து தானாக முளைத்த மரம்.

ஜெயாக்கா அதன் கீழே இருந்துதான் சாப்பிடுவார். வன்னியில் வீட்டார் எல்லோரையும் இழந்து தனியாக வந்தவர். கூட வேலை செய்த ரவி மரத்தைக் காட்டிப் பகிடி விடுவான்.

"அக்கா, உங்கட சொந்தக்காரி பாத்துக்கொண்டு நிக்கிறா."

"ஓம் தம்பி. சாகத் தெரியாத ரெண்டு பேர்."

காணிக்கார அம்மா, நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடுபவர், அந்த மரத்தில் மொட்டெடுத்தே தோட்டத்தை மீண்டும் உண்டாக்க இருந்தார். ஜெயாக்காவுக்கு எங்களைவிடச் சந்தோஷம்.

பிறகு அந்த மரத்தின் இலைகளை எடுத்துப்போய்ப் பரிசோதித்த அதிகாரி வந்தார். அவர் சொன்னதைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான்.

"அக்கா, இதுக்கும் அந்த வைரஸ் வருத்தம் இருக்காம். உள்ளுக்கை நிறைய. வெளியிலை காட்டேல்லை, அவ்வளவுதான். பூச்சி இதிலையிருந்தும் மற்ற மரங்களுக்குக் கொண்டுபோகுமாம். வெட்டச் சொல்லுகினம்."

ஜெயாக்கா மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அதுக்கு நோகிறேல்லையோ? கேட்டுச் சொல்லும் பிள்ளை."

கேட்டேன். அதிகாரி தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"விடச் சொல்லிக் கேளும். ஒரு மரந்தானே."

அதையும் கேட்டேன். சிஞ்ஞோரா சம்மதிக்கவில்லை.

வெட்டிய இடத்தில் ஒரு கறைகூட இல்லை. வெள்ளை மரம்... ஈரம்... நல்ல வாசம். ஜெயாக்கா அதில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். ரவி கிளைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் குவித்தான்.

பல வருடங்களுக்குப் பிறகு போன மாதம் அந்தப் பக்கம் போனேன். இப்போது புது மரங்கள். அந்த வைரஸைத் தாங்கும் வேர்களில் ஒட்டியவையாம். அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண் சொன்னார்: "வருத்தம் வந்தாலும் மரம் காட்டாதாம் அக்கா. காய்ச்சுக்கொண்டே இருக்குமாம்."

கண் எட்டும் மட்டும் பச்சை. அந்த நாட்களில் எது செத்தது, எது உயிரோடு நிற்கிறது என்று பார்த்ததும் தெரிந்தது... இந்த வரிசைகளுக்குள் கனநேரம் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

ஜெயாக்கா இப்போது பலெர்மோ நகரத்துக்குள், சீசா என்ற பகுதியில் ஒரு வயதானவரைப் பராமரிக்கிறார். ஃபோனில் சுகம் கேட்டால், "எனக்கென்ன, நல்லா இருக்கிறன்" என்பார்.

முன்பெல்லாம் அதைக் கேட்டு நிம்மதியாக ஃபோனை வைத்துவிடுவேன்...