வாசலில் இரண்டாவது ஜோடிச் செருப்பு

மலாக்காவின் பாச்சாங் பகுதியில் எல்லா வீட்டு வாசலிலும் செருப்பு குவிந்து கிடக்கும். நான் பார்த்துக்கொள்ளும் வீட்டு வாசலில் மட்டும் என்னுடைய ஒரு ஜோடிதான். கணவனிடம் அடிபட்டு ஓடிவந்த பெண்கள் பிள்ளைகளோடு தங்கும் வீடு அது. உள்ளே எத்தனை பேர் என்று தெருவுக்குத் தெரியக்கூடாது. ஆகவே வருகிறவர்கள் செருப்பைக் கையோடு எடுத்துப்போய்க் கட்டிலடியில் வைத்துவிடுவார்கள். துணி பின்பக்கம்தான் காயும். மணி அடித்தால் எல்லோரும் சத்தம் காட்டாமல் மாடிக்குப் போய்விட வேண்டும். இந்தச் சட்டமெல்லாம் போட்டவள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வீடு அரசாங்க மானியத்தில் நடக்கிறது. அது ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்க, ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஓர் அதிகாரி வந்து மணி அடித்தாள். தமிழ்ப் பெண்தான், என் மகள் வயது இருக்கும். காலணியைக் கழற்றும்போதே என் செருப்பைப் பார்த்துவிட்டாள்.

“என்னா ஆண்டி, வீட்ல ஆளே இல்லையா?”

“மேல இருக்காங்கம்மா.”

“அப்ப கூப்பிடுங்க, பாத்துட்டுப் போயிர்றேன்.”

“அதெல்லாம் முடியாதும்மா. இங்க உள்ளவங்கள யாருகிட்டயும் காட்ட மாட்டோம்.”

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். “ஒரு எடத்துல ஆளே இல்லாம கிராண்ட் வாங்கிட்டு இருந்தாங்க ஆண்டி. நா கண்ணால பாக்காம எப்படி சைன் போடுறது? நீங்களே சொல்லுங்க லா.”

மக்கள் பணத்தை விழுங்குகிறவர்களைக் கேட்க நாதியில்லையே என்று சர்ச் வாசலில் நின்று வாய் கிழியப் பேசுகிறவள் நான். இப்போது ஒருத்தி கேட்க வந்திருக்கிறாள், நானே வழிமறித்து நிற்கிறேன். அவள் சொல்வதும் நியாயம், நான் சொல்வதும் நியாயம். அவள் கையெழுத்துப் போடாவிட்டால் மானியம் நிற்கும். வீட்டை மூட வேண்டியதுதான்.

மூடினால், ரெம்பியா ஊரிலிருந்து ஓடிவந்து மேலே தங்கியிருக்கும் பெண் எங்கே போவாள்? அவள் புருஷன் லோரி ஓட்டுகிறவன். மலாக்காவில் அவன் அறியாத சந்து இல்லை. தங்கா பத்துவில் அக்கா வீட்டில் ஒளிந்திருந்தவளை முடியைப் பிடித்து இழுத்துப்போனவன். அவனுக்குத் தெரியாத வீடு இது ஒன்றுதான்.

மேலே போய் எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னேன். ரெம்பியாப் பெண் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

“நா வர்றேங்க்கா. வீடு இருக்கணும்ல.”

கட்டிலடியிலிருந்து செருப்பை எடுத்துக்கொண்டு இறங்கியவள், நேரே வாசலுக்குப் போய் என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். “இருக்கோம் மிஸ். பாத்துக்குங்க” என்றாள்.

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. பெயர்கூடக் கேட்கவில்லை. ஆனால் மேலிடத்துக்கு ஒரு படம் வேண்டுமாம். “மொகம்லாம் வேணாம். இது போதும்” என்று வாசலில் இருந்த செருப்புகளை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். இந்த அதிகாரிக்குத்தான் என்ன புத்தி என்று நான் உருகிப்போனேன். அதுவரை தண்ணீர்கூடக் கொடுக்காதவள், தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து அனுப்பினேன்.

கேட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பினால், ரெம்பியாப் பெண் இன்னும் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

“அக்கா, அந்தப் படத்த யார் யாரு பாப்பாங்க?”

“ஆபீஸ்ல உள்ளவங்கதான். ஏன்?”

“அந்தச் சிலிப்பரு அவரு பாசார் மாலாம் ராச்சந்தையில வாங்கிக் குடுத்தது. வாரு அறுந்தப்ப அவரே செவப்பு நூலு போட்டுத் தச்சாரு. பாத்தா தெரிஞ்சிரும்க்கா.”

ஆபீசில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு யார் மாமன் மச்சான் என்று நான் என்னத்தைக் கண்டேன்? குனிந்து அந்தச் செருப்பை எடுத்து உள்ளே வைத்தேன்.

மானியம் வந்துவிட்டது. வீடும் நடக்கிறது. அந்த அதிகாரியை வாழ்த்துவதா திட்டுவதா என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. ரெம்பியாப் பெண்ணுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன், அவள் போடுவதில்லை. துணி காயப்போட வெறுங்காலோடுதான் போகிறாள். மணி அடித்தால் இப்போதெல்லாம் அவள் பயப்படுவதற்கு முன்னால் நான் பயப்படுகிறேன்.