தம்பியின் ராஜ்மா கேக்

என் தம்பிக்குப் பால் ஆகாது. குடித்தால் வயிறு பொருமும் என்கிற ரகம் இல்லை. ஒரு சொட்டு உள்ளே போனாலும் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும், அப்புறம் மூச்சு இழுக்கும். முட்டையும் அப்படித்தான். ஒன்றரை வயதில், குன்றாண்டார்கோவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் யாரோ ஆசையாய் ஒரு கரண்டி பால் பாயசம் ஊட்டிவிட்டார்கள். அன்றைக்குத்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. அன்றோடு திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக்குப் பால் பாக்கெட் வருவது நின்றது. அப்பா டீயைக் கடையிலேயே குடித்து, வாயையும் கொப்பளித்துவிட்டுத்தான் வாசல்படி ஏறுவார்.

எனக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. நான் நோஞ்சானாக இருந்ததால், சமையலறையின் மேல்தட்டில் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கில் அம்மா நெய் வைத்திருந்தாள். தம்பி தூங்கும்போது சுடுசோற்றில் ஒரு ஸ்பூன் விடுவாள். சாப்பிட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவ வேண்டும். ஏதோ தப்புக்காரியம் செய்துவிட்டு வந்தவளைப்போல நான் கழுவிக்கொண்டிருப்பேன்.

பிறந்தநாள் கேக் என்ற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. நாலாம் வகுப்பில் என்னோடு படித்த பிள்ளைகள் எல்லோரும் கேக் வெட்டிய கதையைச் சொல்வார்கள். நான் கடலெண்ணெயில் கிண்டிய கேசரியின் கதையைச் சொல்வேன். யாரும் பொறாமைப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவின் தங்கை. திருப்பூரில் அவளைக் கட்டிய மாமாவின் வீட்டிலிருந்து ஒரு பெட்டியும், கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த ஒரு ஓவனுமாக ஆட்டோவில் வந்து இறங்கினாள். அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்க வந்திருக்கிறாள் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னாள். நானும் நம்பினேன். அத்தை படித்ததை நான் பார்த்ததில்லை. தம்பியை மடியில் வைத்துக்கொண்டு போனில் கேக் செய்கிற வீடியோக்களைத்தான் பார்ப்பாள். பாலும் முட்டையும் வெண்ணெயும் இல்லாமல், பயறை வேகவைத்து அரைத்து மாவில் கலந்து கேக் செய்கிறார்களாம். மைதா வேண்டாம், கோதுமை போதும். வெள்ளைச் சர்க்கரை வேண்டாம், வெல்லம் போதும். உடம்புக்கும் நல்லது என்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

முதலில் தட்டைப்பயறில் செய்து பார்த்தாள். பார்க்கக் கேக் மாதிரி இருந்தது, வாயில் போட்டால் குழம்பு ஞாபகம் வந்தது. அப்பா மட்டும் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, சோறு வேண்டாம் என்று சொல்லிப் பிழைத்துக்கொண்டார். இரண்டாவது தடவை ராஜ்மா. முந்தின நாளே ஊறப்போட்டு, குக்கரில் நசுங்குகிற பதத்துக்கு வேகவைத்து, வெல்லமும் கோகோவும் தேங்காயெண்ணெயும் சேர்த்து மிக்ஸியில் விழுதாக அரைத்தாள். அந்தக் கேக்கில் பயறு இருப்பதாகச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அவ்வளவு கறுப்பு, அவ்வளவு மெத்து. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் எடுத்துவைத்து, நாட்டுச்சர்க்கரைப் பொடி போட்டு அடித்தாள். கால்மணி நேரத்தில் அது நுரைத்துப் பொங்கிக் கிரீம் மாதிரி நின்றது. நான் பால் என்று நினைத்துத் தம்பியைப் பிடித்து இழுத்தேன். அத்தை சிரித்தபடி ஒரு விரலில் எடுத்து என் நாக்கில் வைத்தாள். கடலைத் தண்ணீர்தான்.

தம்பியின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு இந்தக் கேக்தான் என்று முடிவானது. அம்மா சம்மதித்தாள், ஆனால் கோகோ பாக்கெட்டின் பின்புறம் இருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்த பிறகுதான். பாத்திரங்களையும் புதிதாக வாங்கவைத்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மணிக்குக் கரண்டு போய்விடும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதற்குள் கேக் வெந்தாக வேண்டும். அத்தை ஒரு கையில் மிக்ஸியும் ஒரு கையில் சல்லடையுமாகப் பரபரத்தாள். டின்னில் தேங்காயெண்ணெய் தடவி மாவு தூவிவை என்று என்னிடம் சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழம் வாங்க முக்குக் கடைக்கு ஓடினாள்.

பாட்டில் என் கையிலிருந்து வழுக்கியது. மூடி வேறு திறந்திருந்தது. எண்ணெய் முழுவதும் தரையில் ஓடி சிலிண்டருக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. கந்தைத்துணியால் துடைத்தேன், பாட்டிலை மறைத்தேன். ஆனால் டின் காய்ந்துபோய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு எண்ணெய் கேட்டால் கொட்டியதைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்குத் தெரிந்த பயங்களில் பெரியது அம்மாவின் திட்டுதான். ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து நெய்த்தூக்கை எடுத்தேன். டின்னில்தானே தடவுகிறோம், கேக்கிலா கலக்கப்போகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது இப்போதும் நினைவிருக்கிறது. இரண்டு விரலில் எடுத்து மூலை முடுக்கெல்லாம் தடவினேன். அத்தை திரும்பி வந்து, பார்க்காமலே மாவை ஊற்றி ஓவனில் வைத்தாள்.

ஓவனின் கண்ணாடிக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். கேக் மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. முன்னறையில் அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம், போன வருஷம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஊருக்குப் போயிருந்தபோது நடந்தது, எனக்குத் தெரியாது. ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்தில் கிடந்த கரண்டியைத் துடைத்துவிட்டு யாரோ தம்பிக்கு ரசம் ஊற்றினார்களாம். துடைத்த கரண்டிதான். அதற்கே தொண்டை அடைத்துவிட்டதாம்.

"இன்னும் பத்து நிமிசம் விட்டிருந்தா புள்ளை இல்லைன்னு சொல்லிட்டாக" என்றாள் அம்மா.

எழுந்துபோய்க் கையைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். திரும்பி வந்தபோது கேக் இன்னும் கொஞ்சம் எழும்பியிருந்தது. கரண்டு போகவேண்டும் என்று கோகர்ணேஸ்வரரை வேண்டினேன். போகாத நேரத்தில் எல்லாம் போகிற கரண்டு, அன்றைக்கு அத்தை ஓவனை அணைத்துக் கேக்கை வெளியே எடுத்து ஆறவைக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, அப்புறம் போனது.

அத்தை டின்னைத் தட்டில் கவிழ்த்தாள். கேக் ஒரு பிசிறு இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது.

"எம்புட்டு அழகா வந்துருச்சு பாரு. நல்லாத் தடவியிருக்கே" என்று என் கன்னத்தைத் தட்டினாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். அத்தை கடலை நுரையை எடுத்துக் கேக்கின்மேல் பூசத் தொடங்கினாள். அவள் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. தள்ளிவிடலாம் என்று மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கை எழவில்லை. கடைசியில் தம்பியைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், கேக்கைத் தின்னாதே, வயிறு வலிக்கும் என்றேன். அவன் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினான். பிறந்தநாளும் அதுவுமாகத் தம்பிமேல் பொறாமையா என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். நான் செய்யத் துணிந்த ஒரே நல்ல காரியம் அதோடு முடிந்தது.

ஐந்து மணிக்குத் தெருப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தம்பி வெட்டினான். எதையும் முதலில் தான் தின்று பார்ப்பது அம்மாவின் வழக்கம். ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். பிறகு அத்தையைப் பார்த்து, நல்லாருக்கு என்றாள். அத்தை வந்த நாளிலிருந்து அம்மா அவளைப் பார்த்துச் சொன்ன முதல் நல்ல சொல் அதுதான் என்று நினைக்கிறேன். அத்தைக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த துண்டைத் தம்பிக்கு ஊட்டினார்கள். ஓரத்துத் துண்டு.

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு அவன் வாயையே பார்த்தேன். அவன் மென்றான், விழுங்கினான், இன்னும் கேட்டான். ஒன்றும் ஆகவில்லை. மனதுக்குள் நூறுவரை எண்ணினேன், மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்குச் சிரிப்பு வரத் தொடங்கிய நேரத்தில் அவன் காதைச் சொறிந்தான். பிறகு கழுத்தை. பிறகு ஒரு இருமல் வந்தது.

அம்மா தட்டைக் கீழே போட்டாள். அதற்குள் அவன் உதடு தடித்து வெளியே பிதுங்கியிருந்தது. அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அம்மா செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். கிடைத்த ஆட்டோவில் மூன்று பேரும் போய்விட்டார்கள். அடுத்த ஆட்டோவில் அத்தை என்னை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினாள்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்தக் கொஞ்ச தூரம் முழுக்க அத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கோதுமை, கோகோ, வெல்லம், சோடா, எலுமிச்சை, ராஜ்மா. மறுபடி கோதுமை, கோகோ. ராஜ்மாதான் ஒத்துக்கவில்லையோ, கடலைத் தண்ணீரோ, போன தடவை தின்றானே, தின்றானே என்றாள். தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். அவள் அடித்துக்கொண்டதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"அத்தை, எண்ணெய் கொட்டிருச்சு. டின்ல நெய்யைத் தடவிட்டேன்."

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது. ஆஸ்பத்திரி வரும்வரை அவள் கையை விடவே இல்லை.

உள்ளே தம்பியைப் படுக்கவைத்து, என்ன சாப்பிட்டான் என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பயறுக் கேக் என்று அம்மா அழுதாள். என்ன பயறு, புதிதாக எதுவும் சேர்த்தீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"டாக்டர், நெய் பட்டிருக்கு. பால் அலர்ஜிதான்."

ஊசி போட்டார்கள். மூக்கில் எதையோ வைத்துக் கட்டினார்கள். தம்பியின் நெஞ்சு குழி விழுந்து குழி விழுந்து எழும்பியது. அவன் மூச்சு இழுக்கிற சத்தத்தை நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். அது நிற்க வேண்டும் என்றும், நின்றுவிடக்கூடாது என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்பா வெளியே வந்து, மூச்சு சீராகிவிட்டது, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அவருக்குப் பின்னாலேயே அம்மா வந்தாள். நேராக அத்தையின் எதிரில் நின்றாள்.

"நெய்யை யாரு தொட்டா?"

நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தான் அண்ணி. அவசரத்துல மறந்து தடவிட்டேன்."

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய்த் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், அத்தை காதில் விழட்டும் என்றே அப்பாவிடம் சொன்னாள், இந்த அடுப்பங்கரையில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை உங்கள் தங்கை இருக்க வேண்டும் என்று. அப்பா அன்று மாலை திருப்பூருக்குப் போன் போட்டு மாமாவிடம் பேசினார்.

அந்தத் திருப்பூர் வீட்டில் அத்தைக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகுதான் அவள் மாமாவை விட்டு ஒரேயடியாக வெளியேறினாள். இன்றைக்குத் திருச்சியில் தனியாக இருக்கிறாள், ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். ஓவன் இல்லை. தம்பி பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறான். டின்னில் தடவியது யார் என்பதைப் போன வருஷம்தான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா, ஏன்டி இப்ப சொல்றே என்று மட்டும் கேட்டாள்.

அந்தச் சமயம் அத்தையைத் திருப்பூருக்கு வழியனுப்ப அப்பாவோடு நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும் நேரத்தில், "அண்ணே, போய்த்தான் ஆகணுமா" என்று மெதுவாகக் கேட்டாள். அப்பா டிரைவர் ஏறிவிட்டாரா என்று பார்க்கிறவரைப்போல அங்கிட்டுத் திரும்பிக்கொண்டார். அத்தைக்குக் கண்ணீர் நிற்காமல் வழிந்தது. எனக்கோ அத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியிருந்தது. அத்தை யாரிடமும் சொல்லவில்லை, இனிமேல் சொல்லவும் மாட்டாள். பஸ் வளைவில் திரும்பும்வரை நான் துள்ளித் துள்ளிக் கையை ஆட்டினேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கள் அத்தைக்கு என்னை விட்டுப் போக மனசே இல்லை, அவ்வளவு அழுதாள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.