அறுபத்தோரு ஓட்டைகள்

என் மச்சான் வெண்டெல் ஒரு சுவரில் ஓட்டையைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டார். சண்டை முடிந்தபோது டானூப் ஆற்றங்கரையிலிருக்கும் எங்கள் ஊரில் முழுச் சுவர் என்று ஒன்றும் மிச்சமில்லை. குண்டு துளைத்த இடத்தைச் சுற்றி வீட்டுக்காரர்கள் சாக்பீஸால் வட்டம் போட்டு வைப்பார்கள். வெண்டெல் வந்து மூடிவிட்டுப் போவார். நான் கலவை போடுவேன். இருபத்தைந்து வருஷம் இதுதான் எங்கள் பிழைப்பு. அவர் பூசிய இடத்தைத் தடவிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று ஊரில் அவருக்குப் பெயர். அந்தப் பெயரை அவர் என் அக்காவை விட அதிகமாக நேசித்தார் என்று அவளே சொல்வாள்.

கடைசியில் மியூசியம் கட்டும் வேலை வந்தது. ஆற்றோரத்துப் பழைய மாளிகை. கூரை எரிந்து, பாதி இடிந்து கிடந்தது. தலைநகர் ஸாக்ரெபிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் இஸ்க்ரா, இடிந்த பாதியைப் பழையபடி கட்டாமல் கண்ணாடியும் பூசாத கான்கிரீட்டுமாக எழுப்பினாள். இதென்ன கோலம் என்று நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். புதுப் படிக்கட்டில் முதல் வெயில் விழுந்த அன்று வாயை மூடிக்கொண்டேன்.

படிக்கட்டை ஒட்டிய பழைய செங்கல் சுவரில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் குண்டு ஓட்டைகளைச் சுற்றி வட்டங்கள் போட்டுவிட்டு ஸாக்ரெப் போனாள். சனிக்கிழமை லீவுதான். வெண்டெலுக்கு அது பொறுக்குமா? சாயங்காலத்துக்குள் அறுபத்தொன்றையும் மூடிவிட்டு, வீட்டுக்குப் போய் மீன் குழம்பை இரண்டு தட்டு சாப்பிட்டோம்.

திங்கள் காலை இஸ்க்ரா சுவர் முன்னால் நின்றாள்.

“மேஸ்திரி, நான் போட்ட வட்டமெல்லாம் எங்கே?”

“எல்லாம் மூடியாச்சு மேடம். ஒண்ணு விடல.”

“தொடக்கூடாதுன்னுதானே வட்டமே போட்டேன்.”

“தொடக்கூடாததுக்கு யாராவது வட்டம் போடுவாங்களா?”

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன், சிரித்தாள். பிறகுதான் கேட்டாள்: “சுண்ணாம்புச் சாந்துதானே, இன்னும் இறுகலையே. எடுத்துட முடியுமா?”

“முடியும். நான் எடுக்க மாட்டேன். திறப்பு விழாவுக்கு ஊரே வரும். வெண்டெல் ஓட்டைய விட்டுட்டுப் போயிட்டான்னு சிரிக்கும். எம் பேரு என்னாகுறது?”

“சரி, வேற ஆளைப் பாக்குறேன். என்ன, ஆழம் தெரியாம செங்கலை உடைச்சிடுவாங்க.”

“என் சுவத்துல வேற ஆளா?” என்று உளியை எடுத்துக்கொண்டார். அவள் கெட்டிக்காரி.

ஐந்து நாள் சின்ன உளியும் தேக்கரண்டியுமாகத் தோண்டினார். ஒரு செங்கல் விளிம்புகூடச் சிதறவில்லை. முகம் மட்டும் சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தது.

“மூடுனதுக்கும் கூலி, தோண்டுறதுக்கும் கூலி. யாருக்குக் கிடைக்கும் மச்சான்?” என்றேன்.

“வாய மூடிட்டு விளக்கைப் பிடி மாப்ளே.”

திறப்பு விழாவில் அவர் கோட்டு போட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றார். பயந்தது போலவே நடந்தது. பேக்கரிக்காரி துன்யா சுவரைப் பார்த்துவிட்டு, “என்ன வெண்டெல், சாந்து தீந்துபோச்சா?” என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். வெண்டெல் வாசலைப் பார்த்துத் திரும்பினார். நான் கோட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

அப்போது ரேஸா வந்தாள். தபால் ஆபீசில் வேலை பார்த்தவள். சண்டையில் ஊர் முற்றுகையிடப்பட்டபோது இந்த மாளிகையில் ஒளிந்திருந்தவர்களில் ஒருத்தி. இடுப்பு உயரத்தில் இருந்த ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டாள். மருமகளைக் கூப்பிட்டாள்.

“சுடுறப்போ இதுக்குப் பின்னாலதான் நின்னேன். எத்தனை தடவை சொல்லியிருக்கேன், நீ நம்பல. உன்னையும் குத்தம் சொல்ல முடியாது. எதைக் காட்டுறது நான்? ஊர்ல ஒரு ஓட்டையும் மிச்சமில்ல, இங்கயும் வேலி போட்டு யாரையும் உள்ள விடல.”

மருமகளும் விரலை உள்ளே விட்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை. இன்னொரு கையால் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தச் சுவரை யாரு செஞ்சது?” என்று ரேஸா எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.

வெண்டெல் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

“நான்தான் அக்கா,” என்றார், துன்யாவுக்கும் கேட்கிற மாதிரி.