நான் அழித்த பச்சைச் சேலைப் பக்கம்

அருப்புக்கோட்டையில் நானும் கணவரும் பருத்திச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். கடைக்கு ஒரு வெப்சைட்டும் உண்டு. ஒரு சேலை பத்து நிறத்தில் வந்தால், அதே விவரத்தை எழுதி நிறத்துக்கு ஒரு பக்கம் போட்டுவிடுவேன். ஆனாலும் நெட்டில் தேடினால் எங்கள் கடை எங்கோ கடைசியில்தான் வரும்.

மதுரையில் வெப்சைட் வேலை பார்க்கும் தோழி நூர்ஜஹானிடம் கேட்டேன். “ஒரே விஷயம் பத்து எடத்துல கெடந்தா, எதக் காட்டுறதுன்னு தேடுற மிஷினுக்கே குழம்பும். ஒண்ணா ஆக்கிரு” என்றாள். பார்க்க அழகாயிருந்த மெரூன் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற ஒன்பதையும் அழித்தேன்.

அதன்பின் ஒரு வாரம், வழக்கமாகப் போனில் வரும் விசாரிப்பு ஒன்றுகூட வரவில்லை. காரணம் புரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது காரியாபட்டியிலிருந்து எங்கள் வாடிக்கையாளரான ஒரு டீச்சர் நேரில் வந்தார்.

“பக்கமே இல்லைன்னு வருதேம்மா! கடைய மூடிட்டீகளோன்னு பஸ் ஏறி வாரேன்” என்றார்.

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். தேடலில் வந்தது நான் அழித்த பச்சைச் சேலைப் பக்கம்! பத்தும் நான் எழுதியதுதானே, இதில் எது அசல், எது நகல்? உடனே நூர்ஜஹானை அழைத்தேன்.

“அழிக்கவாடி சொன்னேன்? பத்துல பச்சையத்தான் அசலுன்னு அந்த மிஷின் எடுத்து வச்சிருக்கு. அத மீட்டெடு. மத்த பக்கத்துக்கு வாரவுகள அதுக்குத் திருப்பி விடு” என்று நூர்ஜஹான் போனிலேயே வழி சொன்னாள். சில வாரங்களில் விசாரிப்புகள் திரும்பின.

இப்போது ஒரு சேலைக்கு ஒரே பக்கம்தான், எல்லா நிறமும் அதற்குள். எதையும் எடுக்கும் முன், ஜனங்கள் எந்தப் பக்கம் வழியாக வருகிறார்கள் என்று பார்த்துவிடுகிறேன். பத்தில் பச்சை மட்டும் அந்தத் தேடுற மிஷினுக்கு ஏன் பிடித்தது என்பதுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை.