சாமியறையில் தொங்கிய மருந்துக் குடுவை

என் வீட்டுக்காரர் துவக்கால் ஒரு கொக்கைக்கூடச் சுட்டு விழுத்தியதில்லை. ஆனால் அந்தத் துவக்குக்கு வெடிமருந்து கொண்டுபோகும் குடுவை செய்வதில் தென்மராட்சியிலேயே தன்னை வெல்ல ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். குழாயின் வாய்வழியே மருந்தைப் போட்டு இடித்துச் சுடும் பழைய இடியன் துவக்கு அது. மாமரத்துக்கு வரும் குரங்குகள் அவர் இடித்து முடிக்கும்வரை ஆறுதலாக இருந்து தின்றுவிட்டுப் போகும்.

குடுவைக்குக் கழுத்து ஒடுங்கிய சுரைக்காய் வேண்டும். நான் கறிக்கென்று கண் வைத்த காயிலெல்லாம் அவர் கயிறு கட்டி, தொடாதே என்று அடையாளம் வைத்துவிடுவார். முற்றவிட்டு, காயவைத்து, விதையைக் குலுக்கி எடுத்து, பூவரசங்கட்டையில் அடைப்புச் சீவி, தோளில் மாட்ட வாரும் போடுவார். அந்த நாட்களில் நான் கத்தரிக்காயோடு காலம் தள்ளினேன்.

எண்பத்துநான்கில், சண்டை தொடங்கியபின், ஊரில் உள்ள துவக்குகளை ஒப்படைக்கச் சொல்லி அரசாங்கம் கட்டளை போட்டது. துவக்கைக் கொடுத்தார். குடுவையைக் கொடுக்கவில்லை.

"துவக்கு கொல்லன் செய்தது. இது நான் செய்தது."

"அப்ப உள்ளுக்கை கிடக்கிற மருந்தையாவது கொட்டுங்கோவன்."

"மருந்தில்லாட்டி அது வெறும் சுரைக்காயப்பா."

எங்கள் வீட்டில் திருநீறும் சுரைக்குடுவையில்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில், அதே ஆணியில், மருந்துக் குடுவைக்கும் நீறு பூசித் தொங்கவிட்டார். அதற்கு மட்டும் வார் இருந்தது. அந்த வாரைக்கூட அறுக்க மனம் வரவில்லை மனிசனுக்கு.

ஒரு காலை ஆமிக்காரர் வீடு சோதிக்க வந்தார்கள். மருந்து அகப்பட்டால் இவரை முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்படிப் போய்த் திரும்பாதவர்கள் இருந்தார்கள்.

அவர்களில் பெரியவன் சாமியறை வாசலில் முருகன் படத்தைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றினான். "கதரகம தெய்யோ" என்று கதிர்காமக் கந்தனைச் சிங்களத்தில் கூப்பிட்டுக் கும்பிட்டான். பிறகு வார் போட்ட குடுவையைக் காட்டிக் கையை நீட்டினான்.

இவர் முகத்தில் இரத்தமே இல்லை. நான் குடுவையை எடுத்து, அடைப்பைக் கழற்றி, அவன் உள்ளங்கையில் கவிழ்த்தேன். வெள்ளை வெளேரென்று திருநீறு விழுந்தது. பூசிக்கொண்டு போய்விட்டான்.

மனிசன் நெடுஞ்சாண்கிடையாக நிலத்தில் விழுந்தார். மருந்தை நீறாக்கிய சந்நிதிக் கோயில் முருகனுக்குக் காவடி நேர்ந்தார்.

பக்கத்து ஊரைச் சோதித்த செய்தி வந்த அன்றே மருந்தைத் தண்ணீரில் கரைத்துக் கிணற்றடியில் ஊற்றியவள் நான். கழுவிக் காயவைத்துத் திருநீறு நிரப்பியவளும் நான். முன்னரே சொல்லியிருந்தால் வீட்டிலேயே யுத்தம் நடந்திருக்கும். முதுகில் முள்ளுக் குத்திக் காவடி எடுத்து, அந்தப் புண்ணோடு குப்புறக் கிடந்தவரிடம்தான் சொன்னேன். தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"உனக்கு அந்தப் புத்தியை ஆர் தந்தது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

அடுத்த முறை கொடி காய்த்தபோது ஒரு காயிலும் கயிறு இல்லை. கழுத்து ஒடுங்கிய நல்ல காய் ஒன்றைப் பிஞ்சிலேயே அவர் பிடுங்கிவந்து குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தேங்காய்ப்பால் விட்டுக் கறி காய்ச்சு," என்றார்.